ஒட்டாத டேப்

கெயோன் துறையில் மூன்றாம் நாளாக மழை.
எங்கள் படகு 'போர்ஃபியாதா'வின் வயிற்றுக்குள்
கடல்நீர்க் குழாயில் வெடிப்பு.
விரல் நீளம், அவ்வளவுதான்.
அந்த விரல்தான் படகை நிறுத்திவைத்திருக்கிறது.
கால்வாய்க்கு அப்பால்
சிப்பிகள் கயிற்றில் கனத்துத் தொங்குகின்றன.
விடிவதற்குள் போகாவிட்டால்
ஆலைக்காரன் வேறு படகைக் கூப்பிடுவான்.

புதுக் குழாய் வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள்.
எந்த வெள்ளி என்று சொல்லவில்லை.

கையில் இருந்த மின்சார டேப்பை
நான்தான் சுற்றினேன்.
ஐந்து நிமிடம்.
பசை வழுக்கி, சுருள் அவிழ்ந்து
அடித்தளத் தண்ணீரில் மிதந்தது
செத்த விலாங்கு மாதிரி.

எர்மிந்தா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"ஒட்டுகிற டேப் உதவாது, நோல்பெர்த்தோ.
ஒட்டாத டேப் வேண்டும்."

முதல் கடையில் இதைச் சொன்னபோது
கடைப்பையன் சிரித்தான்.
இரண்டாவது கடையில் வெள்ளி நிற டேப்பை நீட்டி
"இது விமானத்தையே தாங்கும்" என்றார்கள்.
"எங்களுடையது படகு" என்றாள்.

மூன்றாவது, வானொலி பழுதுபார்க்கும் பால்தோமேரோ.
இழுப்பறை முழுக்க இழுத்துத் தேடி
கறுப்பாக ஒன்றை மேசையில் போட்டார்.
குளம்படிபோல் சத்தம் கேட்டது.
நடுவில் இருந்த மெல்லிய தாளை
யாரோ என்றோ உரித்துவிட்டார்கள்.
பதினொரு வருடம் இருட்டில் கிடந்து
சுற்று சுற்றைப் பிடித்து
சுருள் முழுதும் ஒரே கட்டி.
நகம் நுழைய இடமில்லை.
"தன் வேலையைத் தானே செய்து முடித்துவிட்டது" என்றார்.

இன்னொன்று இருந்தது, தாளோடு, அரைச் சுருள்.
விற்க மாட்டாராம்.
குன்றுமேல் ஆன்டெனா இணைப்புக்கு வைத்திருக்கிறாராம்.
அதில் மழை இறங்கினால்
பத்துப் படகு ஊமையாகிவிடும்.

பேரம் அரைமணி நேரம்.
இரண்டு வாளி சிப்பிக்கு ஒரு கை நீளம்.
தன் கையை நீட்டி அளந்தார் பால்தோமேரோ.
குட்டையான கை.
எர்மிந்தா மறுபேச்சுப் பேசவில்லை.
வெளியே வந்ததும் சொன்னாள்:
"இழுக்காமல் அளந்தார், பாவம்."

குழாயைத் தன் கம்பளித் தொப்பியால் துடைத்தாள்,
எண்ணெய் போக, ஈரம் போக.
பிறகு வெறும் தலையோடு குனிந்து
தாளை உரித்தாள், இழுத்தாள்.
அகலம் பாதியாகும்வரை.
அறுந்துவிடும் என்று நான் பல்லைக் கடித்தேன்.
அறவில்லை.
வெடிப்புக்கு நாலு விரல் முன்னால் தொடங்கி
பாதிமேல் பாதியாக ஏறி ஏறி
நாலு விரல் தாண்டி, மறுபடி திரும்பி.

தொட்டுப் பார்த்தேன்.
என் விரலில் ஒட்டவில்லை.
குழாயிலும் ஒட்டவில்லை.
சுற்றி வந்து
தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றது.

"பார், மனுஷனும் இப்படித்தான்..." என்று ஆரம்பித்தேன்.
"கதை பண்ணாதே, விளக்கைப் பிடி."

பிடித்தேன்.

எஞ்சின் இருமியது, பிடித்தது.
இணைப்பின் கீழ்விளிம்பில் ஒரு துளி திரண்டது.
இருவரும் அதையே பார்த்தோம்.
விழுந்தது.
அடுத்தது திரள்கிறதா என்று காத்திருந்தோம்.
காத்திருந்தோம்.
எர்மிந்தா தொப்பியைப் பிழிந்து போட்டுக்கொண்டு
மேலே ஏறிப்போய்க் கயிற்றை அவிழ்த்தாள்.

வெள்ளிக்கிழமை குழாய் வந்தது.
அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி.
பழையதைக் கழற்ற டேப்பைக் கத்தியால்தான் அறுக்க முடிந்தது.
அறுத்த விளிம்பில் எத்தனை சுற்று என்று
எண்ணிப் பார்க்க நினைத்தேன்.
ஒன்று. அல்லது எதுவுமில்லை.
மாட்டிறைச்சி வெட்டியதுபோல் வழவழப்பு.

இரண்டு வாளி சிப்பியைக் கொடுத்தோம்.
மூன்றாவதும் கொடுத்தாள், ஏன் என்று சொல்லவில்லை.
திரும்பும்போது பால்தோமேரோ
அந்தப் பதினொரு வருடக் கட்டியை என் பையில் திணித்தார்.

இப்போது அதுதான்
படகறைக் கதவு காற்றில் அடிக்காமல்
அண்டக்கொடுத்துக் கிடக்கிறது.
இதுவரை கதவிலும் ஒட்டவில்லை.